பி.டி.ஜி.எஃப் சோதனை: முந்தைய இரவே தொடங்குங்கள்

பி.டி.ஜி.எஃப் (தட்டணுக்களிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி) செல்லின் மேலுள்ள தன் ஏற்பியைத் தூண்டுகிறதா என்று, புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் பார்க்கும் சோதனை இது. இதை முதன்முதலாகச் செய்தபோது, பி.டி.ஜி.எஃப் கொடுக்காத டிஷ்ஷிலும் எனக்குப் பேண்ட் (ஏற்பி தூண்டப்பட்டதைக் காட்டும் கோடு) விழுந்தது. ஒரு வாரம் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், காரணியைக் கலக்க 10% சீரம் உள்ள மீடியாவையே (செல் வளர்க்கும் திரவம்) பழக்கத்தில் எடுத்திருக்கிறேன். கன்ட்ரோலுக்கும் அதே மீடியாதான்.

சீரம் என்பது உறைந்த ரத்தத்திலிருந்து எடுப்பது. உறையும்போது தட்டணுக்கள் உடைத்துக் கொட்டும் பொருட்களில் பி.டி.ஜி.எஃப்-உம் ஒன்று, காயத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட்டை (இணைப்புத் திசுவை உண்டாக்கும் செல்) எழுப்பிவிடுவதும் இதுதான். ஆகவே சீரம் ஊற்றினாலே ஏற்பி வேலையைத் தொடங்கிவிடும். என்.ஐ.ஹெச் 3டி3 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட்) முந்தைய மாலையே கழுவி, 0.5% அல்லது அதற்கும் குறைந்த சீரத்தில் இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் காலை காரணியைச் சீரமே இல்லாத மீடியாவில் கலக்குங்கள். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பி.டி.ஜி.எஃப்-பிபி ஓர் இரட்டை மூலக்கூறு. இரு பக்கமும் ஆளுக்கொரு பீட்டா ஏற்பியைப் பிடிக்கும். இரண்டு ஏற்பிகளும் நெருங்கியதும், செல்லுக்குள் இருக்கும் கைனேஸ் பகுதிகள் (பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) ஒன்றின் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றும். 751-ஆம் டைரோசினில் பிஐ3 கைனேஸ் வந்து ஒட்டும், 1021-இல் பிஎல்சி காமா. இரண்டும் சமிக்ஞையை உள்ளே கடத்தும் நொதிகள். நாம் பிளாட்டில் தேடுவது இந்தப் பாஸ்பேட்டைத்தான்.

ஒரு மில்லிக்கு 20 முதல் 50 நானோகிராம் போதும். 0, 2, 5, 10, 30 நிமிடம் என்று டிஷ்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்னொரு டிஷ்ஷுக்கு காரணிக்கு முன்கூட்டியே இமாட்டினிப் (இந்த ஏற்பியின் கைனேஸைத் தடுக்கும் மருந்து) கொடுத்து வையுங்கள். அதில் பேண்ட் மறைந்தால்தான் உங்கள் ஆன்டிபாடியை நம்பலாம். நேரம் முடிந்ததும் டிஷ்ஷை நேராக ஐஸ்மேல் வைத்து, சில்லென்ற பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) கழுவிவிட்டு, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரை ஊற்றுங்கள். பஃபரில் சோடியம் ஆர்த்தோவனடேட் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லின் பாஸ்படேஸ்கள் (பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள்) எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

மெம்பிரேனில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டாமல் பிளாக் செய்யப் பால் வேண்டாம். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுத்துப்போகும். பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் அல்புமின் புரதம்) எடுங்கள். பேண்ட் 180, 190 கிலோடால்டன் பக்கம் வரும். அப்புறம் அதே மெம்பிரேனில் மொத்த ஏற்பியையும் பாருங்கள். 30 நிமிட லேனில் அது மெலிந்திருந்தால் பயப்படாதீர்கள். தூண்டப்பட்ட ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துச் சிதைக்கிறது.

காரணி ஏற்பியில் ஒட்டுவதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டுமா? 4 டிகிரியில் வைத்துக் கொடுங்கள். அந்தக் குளிரில் ஒட்டும், ஆனால் செல் உள்ளே இழுக்காது.

ஒரு டிஷ்ஷை மட்டும் லைஸ் செய்யாமல் மைக்ரோஸ்கோப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். காரணி சேர்த்துச் சில நிமிடங்களில், பல செல்களின் மேற்புறத்தில் வட்டமாகச் சுருக்கங்கள் எழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.