காஷ் நகர விடுதியில் வெந்நீர் கிடைத்த விதம்

துருக்கியின் அன்தாலியா மாகாணத்தில், கிரேக்கத் தீவான மெயிஸைக் கண்ணெதிரே கொண்ட காஷ் என்னும் சிற்றூரில், மலைச்சரிவில் இருந்த ஓர் எளிய விடுதியில் நான்கு நாட்கள் தங்கினேன். காலையுணவுக்கு ஆலிவும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தக்காளியும் தாராளமாக வைத்தார்கள், வெந்நீர்தான் வரவில்லை. காலை 6 மணிக்குக் குழாயைத் திறந்து பத்து நிமிடம் காத்திருந்தும் தண்ணீர் சில்லென்றே விழுந்தது. குழாய் மாறிவிட்டதோ என்று முதலில் ஐயுற்றேன். துருக்கிய மொழியில் சூட்டுக்கு ‘சிஜாக்’, குளிருக்கு ‘சோவுக்’ என்பதால் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கித் தொலைக்கின்றன.

மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. அந்தக் கடற்கரையின் பல கூரைகளைப் போலவே அங்கும் சூரிய வெப்பத்தில் இயங்கும் தொட்டிதான் இருந்தது. கடலாடித் திரும்பிய விருந்தினர்கள் முந்தின இரவே சூடான நீர் முழுவதையும் தீர்த்திருந்தார்கள். விடுதிக்காரரிடம் சைகையால் கேட்டேன். அவர் வானத்தைக் காட்டிவிட்டு, என் கைக்கடிகாரத்தில் நான்கைத் தொட்டார். மறுநாள் முதல், மற்றவர்கள் திரும்புவதற்கு முன்பாக, மாலை நாலரைக்கே குளித்தேன். குழாயில் தேங்கியிருந்த குளிர்ந்த நீரை முதலில் வாளியில் பிடித்து, உப்பேறிய துணிகளை அலசுவதற்கு வைத்துக்கொண்டேன். அதன்பின் வந்த நீரில் கைவைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.