வாய்ப்புண்ணுக்கு மருந்து போட்டும் ஒட்டலயா? நான் செஞ்ச பிழை இதுதான்

போன மாசி மாசம் கீழ் உதட்டுக்கு உள்ள ஒன்னு, நாக்கு ஓரத்துல ஒன்னுன்னு ரெண்டு வாய்ப்புண்ணு வந்து படுத்தி எடுத்திருச்சு. எங்க வீட்ல காலையில ரொட்டியும் கட்டசம்பலும் இல்லாம விடியாது, அந்தக் கொச்சிக்கா பட்டதும் கண்ணுல தண்ணி பொலபொலன்னு ஊத்தும். இலங்கை மலையகத்துல எங்க ஹட்டன் பக்கத்து குளிருக்கு கொதிக்க கொதிக்க தேத்தண்ணி குடிச்சே பழக்கமா, அதுவும் முடியாமப் போச்சு.

அம்மா உப்புக்கல்ல நேரா புண்ணு மேல வைக்கச் சொன்னாங்க, வச்சேன், லயத்து வீடு பூரா கேக்குற மாதிரி கத்தினேன். அத செய்யாதீங்க. சுண்ணாம்பு வைக்கிறது, வலி மாத்திரைய பொடிச்சு வைக்கிறது எல்லாம் அதவிட மோசம், அந்த எடம் வெந்துரும்.

மொதல்ல இது சாதாரண வாய்ப்புண்ணுதானான்னு பாத்துக்கங்க. கன்னத்துக்கு உள்ள, உதட்டுக்கு உள்ள, நாக்குல, நடுவுல வெள்ளையா இல்ல மஞ்சளா, சுத்தி சிவப்பா, ஒரு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் அதான். ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டாது, ஒன்னுமே செய்யாட்டியும் ஒரு வாரம் ரெண்டு வாரத்துல ஆறிரும். உதட்டுக்கு வெளிய கொத்தா நீர்க்கொப்புளம் வந்தா அது வைரஸ், அது ஒட்டும், கீழ சொல்ற பேஸ்ட்ட அதுல போடக்கூடாது.

அடுத்தது உப்புத்தண்ணி. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணில அரை டீஸ்பூன் உப்பு, நல்லா கரைச்சு அரை நிமிசம் வாய்க்குள்ள வச்சு கொப்புளிச்சு துப்பணும், முழுங்கக்கூடாது. சாப்பிட்ட பின்னாடி ஒரு நாளைக்கு மூனு நாலு தடவ போதும். கடையில விக்கிற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் நல்லதுதான், ஆனா அது பல்லுல கறை புடிக்கும், தேத்தண்ணி குடிக்கிறவங்களுக்கு இன்னும் சீக்கிரமா புடிக்கும், அதனால என் ஓட்டு உப்புக்குத்தான்.

இப்ப என்னைய கவுத்த எடத்துக்கு வாறேன். டாக்டர் ட்ரையாம்சினோலோன்னு ஒரு பேஸ்ட் எழுதிக் குடுத்தாரு. நான் என்ன செஞ்சேன், வெரல்ல ஒரு பெரிய உருண்டை எடுத்து வலிக்குப் பூசுற சித்தாலேப தைலத்த தேய்க்கிற மாதிரி பரபரன்னு தேச்சேன். அது மணல் மாதிரி பொறுபொறுன்னு ஆகி எச்சியோட வயித்துக்குள்ள போயிருச்சு. நாலு நாளு இப்பிடியே போட்டுட்டு மருந்து சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன். அப்புறம் டிஸ்பென்சரில இருந்த நர்ஸ் மிஸ்ஸிதான் சிரிச்சிட்டே சொல்லித் தந்தாங்க.

ராத்திரி சாப்பிட்டு, பல்லு விளக்கி, படுக்கப் போகும்போது போடணும். கைய கழுவிட்டு, உதட்ட வெளிப்பக்கம் இழுத்துப் புடிச்சு, சுத்தமான பஞ்சு இல்லாட்டி டிஷூவால புண்ண ஒத்தி ஒத்தி எச்சிய எடுங்க. ஈரம் இருந்தா ஒட்டவே ஒட்டாது, எல்லாமே இதுலதான் இருக்கு. அப்புறம் மொளகு அளவு பேஸ்ட்ட வெரல் நுனில எடுத்து புண்ணு மேல வச்சு லேசா அமுக்குங்க, தேய்க்காதீங்க. கொஞ்ச நேரத்துல வழுவழுன்னு மெல்லிசா ஒரு ஏடு மாதிரி புடிச்சுக்கும். அரை மணி நேரம் தண்ணி கூட குடிக்காதீங்க. இப்பிடி போட்ட மூனாம் நாளு நான் சம்பல் தின்னேன். இது ஸ்டீராய்டு, அதனால டாக்டர கேக்காம வாங்காதீங்க, ஒரு வாரத்துல குறையலன்னா திரும்ப அவர்ட்டயே போங்க.

சரி, ஏன் வருது? கடிச்சுக்கிறது, ஓரம் உடைஞ்ச பல்லு உரசுறது, தூக்கமில்லாம டென்ஷன் எல்லாம் காரணம். டூத்பேஸ்ட்ல நுரை வர்றதுக்கு போடுற சோடியம் லோரில் சல்பேட்டும் சிலருக்கு ஒத்துக்காது, டியூப் பின்னாடி வாசிச்சுப் பாத்து அது இல்லாத பேஸ்டுக்கு மாறிப் பாருங்க. நான் மாறிட்டேன், நுரை இல்லாம விளக்க கொஞ்ச நாளு ஒரு மாதிரிதான் இருந்திச்சு.

திரும்பத் திரும்ப வந்தா ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் இதுல ஏதாச்சும் குறைஞ்சாலும் வாய்ப்புண்ணு வரும். எனக்கு இரும்புதான் குறைவு. நம்மாளுங்க சோத்தோடயே தேத்தண்ணி குடிக்கிறோம்ல, அந்தச் சாயம் கீரை பருப்புல உள்ள இரும்ப ஒடம்புல சேர விடாது. ஒலகம் பூரா தேயில அனுப்புற நாமளே இத தெரியாம இருக்கோம். இப்ப சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் குடிக்கிறேன், வல்லாரை சம்பல்ல தேசிக்கா புளிய கொஞ்சம் கூட விடுறேன், புளில உள்ள விட்டமின் சி இரும்ப இழுத்துக்கும். பி12 கீரைல கிடைக்காது, முட்டை, பால், நெத்தலி கருவாடு இந்த மாதிரி சாப்பாட்டுலதான்.

பின்னாடி சேர்த்தது: தேன் தடவலாமான்னு நெறைய பேரு கேட்டிருந்தீங்க. தடவலாம், ஒரு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு மட்டும் வேணாம். இன்னொரு அக்கா, மகனுக்கு காய்ச்சலோட வாய் பூரா புண்ணு, உள்ளங்கை உள்ளங்கால்ல கொப்புளம்னு எழுதியிருந்தாங்க. அது வேற வருத்தம், வீட்டு வைத்தியம் பாக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்கக்கா, தண்ணி குடிக்க மாட்டேன்னா உடனே போங்க.

இன்னும் ஒன்னு சேர்த்தது: "எங்க அப்பாயிக்கு ரெண்டு மாசமா ஒரு புண்ணு, வலியே இல்ல, உப்புத்தண்ணி போதுமா"ன்னு ஒரு தம்பி கேட்டான். போதாது தம்பி. மூனு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு, வலிக்காட்டியும், வெள்ளைத் திட்டு, செவப்புத் திட்டு, வாய் முழுசா தொறக்க முடியாம இறுகிப் போறது, இதெல்லாம் டாக்டர் பாக்கணும். வெத்தல பொயிலை போடுறவங்கன்னா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. பொயிலைய விட்டுட்டேன் வெறும் பாக்குதான்னு சொல்லுவாங்க, பாக்கும் புத்துநோய வரவைக்கும். கிட்ட இருக்குற அரசாங்க ஆஸ்பத்திரி பல் கிளினிக்ல காட்டுங்க, தேவைன்னா பேராதனை பல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அப்பாயி வரமாட்டேன்னு அடம் புடிச்சா, பல்லு காட்டப் போறோம்னு சொல்லி கூட்டிட்டுப் போ.