காருக்குள் ரோடு சத்தமா? முதலில் டயரைப் பாருங்கள்

தினமும் ஓட்டுகிற காரில் இரைச்சல் அதிகமென்றால் உடனே டாம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்க அதன்மேல் ஒட்டும் ஷீட்) வாங்க ஓடாதீர்கள், முதலில் டயர் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவோரம் உள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் அடித்திருந்தால் ரோட்டின் சொரசொரப்பெல்லாம் உள்ளே கேட்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது அளப்பதுதான் சரி.

அப்புறம் கதவு ரப்பர் பீடிங். ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் தளர்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால்தான் டாம்பிங் ஷீட், அதாவது பியூட்டைல் ரப்பர் ஷீட். பின்சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி குழி, இந்த இரண்டிலும் முதலில் ஒட்டுங்கள், தகரத்தை முழுக்க மூட வேண்டியதில்லை, கால்வாசி மூடினாலே அதிர்வு நன்றாகக் குறையும். கதவுக்குள் ஒட்டினால் அடியில் மழைநீர் வடியும் ஓட்டைகளைத் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள், துரு பிடித்துவிடும்.