வகுப்பறையில் நினைவுச் சோதனை: எங்கெல்லாம் தவறுகிறோம்?

போன வருஷம் ஆடி மாசம், பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்த பி.எட். மாணவி ஒருவர் போனில் கூப்பிட்டார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நினைவுச் சோதனை செய்திருந்தார். காவிரி பிலிகுண்டுலு வழியாக வந்து ஒகேனக்கல்லில் அருவியாக விழுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏ பிரிவுப் பிள்ளைகள் அதை நான்கு முறை படித்தார்கள். பி பிரிவுப் பிள்ளைகள் ஒரே முறை படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, நினைவில் உள்ளதை மூன்று முறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டு பிரிவுக்கும் தேர்வு.

“மேடம், திரும்பத் திரும்பப் படிச்ச பசங்கதான் அதிகமா எழுதியிருக்காங்க. தலைப்பையே மாத்திடட்டுமா?” என்றார். குரலே உடைந்திருந்தது.

“ஏம்மா, மாத்தாதே. அடுத்த வாரம் அதே பிள்ளைகளை இன்னொரு தரம் கேட்டுப் பாரு” என்றேன்.

நான் பார்க்கும் பி.எட். உளவியல் செய்முறைப் பதிவேடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பாடம் நடத்திய அதே பீரியடிலேயே தேர்வையும் வைத்துவிடுகிறோம். அந்தத் தேர்வு காட்டுவது, சற்று முன் கண்ணில் பட்டது இன்னும் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை. கற்றது தங்கியதா என்பது வேறு கேள்வி. அதற்கு நாள் கடக்க வேண்டும்.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஏறக்குறைய இதே சோதனையைக் கல்லூரி மாணவர்களிடம் செய்து வெளியிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது, நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதக் கருத்துகளைச் சொன்னார்கள். ஒரு முறை படித்து மூன்று முறை எழுதிப் பார்த்தவர்கள் சொன்னது 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழானது. படித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இன்னொன்றையும் அவர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதற்கு நான்கு முறை படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தையே 'தெரியும்' என்று மனசு எடுத்துக்கொள்கிறது. தாளை மூடிவிட்டு யோசிப்பவருக்குத் தடுமாற்றம் வரும், எரிச்சல்கூட வரும். ஆனால் அப்படி முயன்று வெளியே எடுப்பதே அந்த நினைவைப் பலப்படுத்துகிறது.

அதனால் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கப் போகும்போதே இரண்டு நாளுக்குக் கேளுங்கள். “இன்றைக்கு ஒரு பீரியட், அடுத்த வாரம் இதே நாளில் இருபது நிமிஷம்” என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு நாள் மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு போய் நிற்பதுதான் சங்கடம்.

சரி, அந்த மாணவியின் சோதனைக்கு வருவோம். ஒரு வாரம் கழித்துப் போனார். எழுதிப் பார்த்த பிரிவு முந்தியிருந்தது. ஆனால் அந்த முடிவைப் பதிவேட்டில் அப்படியே எழுத நான் விடவில்லை. காரணம் இரண்டு.

முதலாவது, அந்தப் பள்ளியில் ஏ பிரிவு ஆங்கில வழி, பி பிரிவு தமிழ் வழி. பக்கத்தை அவர் எழுதிக் கொடுத்தது தமிழில். வித்தியாசம் படித்த முறையால் வந்ததா, மொழியால் வந்ததா, அந்த வகுப்புகளுக்கு வரும் ஆசிரியர்களால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. இருக்கிற இரண்டு பிரிவுகளை அப்படியே சோதனைக் குழு (புது முறையைச் செய்து பார்ப்பவர்கள்), கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிடுவதற்காக வழக்கம்போல் படிப்பவர்கள்) என்று பெயர் மாற்றினால் அவை சமமான குழுக்கள் ஆகிவிடாது. ஒரே வகுப்புக்குள் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். முன் பெஞ்சு, பின் பெஞ்சு என்று பிரிக்க வேண்டாம். வருகைப் பதிவேட்டை நடுவில் வெட்டிப் பிரிப்பதும் ஆபத்து. பல பதிவேடுகளில் பையன்கள் பெயர் முதலில், பெண் பிள்ளைகள் பெயர் அப்புறம் இருக்கும். பாதியில் வெட்டினால் நீங்கள் ஒப்பிடுவது படிப்பு முறையை அல்ல, பையன்களையும் பெண் பிள்ளைகளையும்.

இரண்டாவது, அவர் திரும்பிப் போனது ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த நாள். தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாதி ஊர் ஒகேனக்கல்லில் இருந்திருக்கும். பி பிரிவில் நிறையப் பேர் வரவில்லை. அன்றைக்கும் பள்ளிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைகள். அவர்களின் சராசரியை, முதல் நாள் வந்த முழு வகுப்பின் சராசரியோடு வைத்துப் பார்த்தால் மறதியே நடக்காத மாதிரி தெரியும். ஒவ்வொரு குழுவிலும் தொடக்கத்தில் எத்தனை பேர், கடைசியில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். இரண்டு நாளும் வந்தவர்களின் தாள்களை மட்டும் ஒப்பிடுங்கள். அதோடு, தேதி குறிக்கும் முன் ஊர்ப் பண்டிகை, மாங்காய்ப் பறிப்பு எல்லாம் எப்போது வருகிறது என்று பிள்ளைகளிடமே கேட்டுவிடுங்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சோதனை நடத்துகிறவர்கள் சொற்பட்டியலில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. இருபது தமிழ்ச் சொற்களைக் கொடுத்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டால், நீங்கள் அளப்பது நினைவாற்றலோடு சேர்த்துத் தமிழ்ப் பழக்கத்தையும்தான். பொருளற்ற அசைகளை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அங்கும் பொறி இருக்கிறது. ஒரு பட்டியலில் 'பெக்கு' என்று பார்த்தேன். தமிழில் அதற்கு ஒரு பொருளும் இல்லை. கன்னடம் பேசும் பிள்ளைக்கு அது பூனை! 'சேப' என்று எழுதினால் தெலுங்குப் பிள்ளைக்கு மீன் நினைவுக்கு வரும். பட்டியலை இறுதி செய்யும் முன் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை வாசித்துக் காட்டினால் போதும். சொற்களின் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுங்கள். பட்டியலின் முதல் சில சொற்களும் கடைசிச் சொற்களும், உடனே கேட்டால், பொதுவாக அதிகம் நினைவில் நிற்கும்.

பொருளற்ற அசைகள் என்றதும் ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் வந்துவிடுவார். 1885-இல் வெளிவந்த அவருடைய மறதி வளைவு, அதாவது நாள் போகப் போக நினைவு எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோடு, எல்லாப் பதிவேட்டிலும் இருக்கிறது, போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களின் சுவரிலும் இருக்கிறது. “ஒரே நாளில் 66 சதவீதம் மறந்துவிடும்” என்று கீழே எழுதியிருப்பார்கள். இது தவறான வாசிப்பு. அவர் அளந்தது மீண்டும் கற்கும்போது மிச்சமாகும் நேரத்தை. ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய முதலில் 10 நிமிஷம் ஆனது, மறுநாள் அதையே திரும்பக் கற்க 6.6 நிமிஷம் போதும் என்றால், மிச்சம் 34 சதவீதம். அவருடைய அட்டவணையில் ஒரு நாளைக்கு உள்ள எண் இதுதான். 31 நாள் கழித்தும் 21 சதவீதம் மிச்சமானது. அதுவும் ஒரே ஒருவரிடம், அதாவது தன்னிடமே, பொருளே இல்லாத அசைகளை வைத்துச் செய்த சோதனை. அதை எடுத்து, காரிமங்கலத்துப் பிள்ளை இன்று படித்த அறிவியல் பாடத்தில் மூன்றில் இரண்டு பங்கை நாளைக்கு மறந்துவிடும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இந்த எண்ணைக் காட்டி மிரட்டப்படுகிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

அடுத்தது, நம் ஆசையே முடிவுக்குள் புகுந்துவிடுவது. ரோசன்தால், ஃபோட் என்ற உளவியலாளர்கள் 1963-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களுக்கு எலிகளைக் கொடுத்து, சிலரிடம் “இவை புதிர்ப்பாதையில் கெட்டிக்கார எலிகள்” என்றும் மற்றவர்களிடம் “மந்தமானவை” என்றும் சொன்னார்கள். உண்மையில் எல்லாம் ஒரே ரக எலிகள். ஆனாலும் 'கெட்டிக்கார' எலிகள் நன்றாக ஓடின. எலிக்கே இப்படியென்றால், நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு எப்படியிருக்கும்? குழுக்களுக்கான அறிவுரையைத் தாளில் எழுதி வைத்து, ஒரே வேகத்தில் வாசியுங்கள். திருத்துவதை, எந்தத் தாள் எந்தக் குழு என்று தெரியாத தோழியிடம் கொடுங்கள். 'பிலிகுண்டு' என்று எழுதினால் மதிப்பெண் உண்டா இல்லையா என்பதைத் தாள்களைப் பிரிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிரித்த பிறகு முடிவு செய்தால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும்.

பதிவேட்டில் நடத்தை பற்றிய பகுதிக்கு ஒரே ஒரு திருத்தம். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுகிறார்கள். வீட்டுப்பாடம் முடித்ததும் அம்மாவின் திட்டு நிற்கிறது, அதனால் அடுத்த நாள் பிள்ளை சீக்கிரமே எழுத உட்காருகிறது என்றால், அது எதிர்மறை வலுவூட்டல். பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு நடத்தை கூடுகிறது. தண்டனை நடத்தையைக் குறைக்கும்.

மதிப்பெண்களை வகுப்பில் உரக்க வாசிப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தாளில் பெயருக்குப் பதில் சீட்டில் வந்த எண் போதும். இது பரீட்சை இல்லை, விருப்பமில்லாதவர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிந்த பின் ஐந்து நிமிஷம் நின்று, எதைச் சோதித்தீர்கள், எதற்காக ஒரு வாரம் காத்திருந்தீர்கள் என்று பிள்ளைகளிடம் விளக்குங்கள். பாலக்கோட்டு மாணவி அதை மட்டும் விடாமல் செய்திருந்தார். இந்த வருஷம் சீட்டுக் குலுக்கி, ஆடிப் பதினெட்டைத் தவிர்த்து, மறுபடி நடத்தப் போகிறார்.