முதல் கட்டத்துக்குப் பின்: எஸ்.பி.ஐ.ஆர். தொடர் நிதியைப் பெறும் வழி

எஸ்.பி.ஐ.ஆர். எனப்படும் அமெரிக்கச் சிறு நிறுவனப் புத்தாக்க ஆய்வுத் திட்டத்தில் முதல் கட்ட நிதியைப் பெற்ற நிறுவனங்கள் பல, ஆய்வை முடித்து இறுதி அறிக்கையை அனுப்பிய பின்னரே இரண்டாம் கட்டத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகின்றன. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்கு வேண்டிய சரக்கில் பாதி, முதல் கட்டத்தின் ஆய்வுக் குறிப்பேடுகளிலும் வாங்கக்கூடியவர்களுடன் நடந்த பேச்சுகளிலும்தான் சேர்கிறது. அது கையில் இல்லாதவர் எவ்வளவு நயமாக எழுதினாலும் மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாது.

தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977இல் தொடங்கிய இம்முறையை அமெரிக்க நாடாளுமன்றம் 1982இல் சட்டமாக்கியது. வெளியாரைக் கொண்டு செய்விக்கும் ஆய்வுகளுக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் கூட்டரசுத் துறைகள், அதில் 3.2 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீளும் முதல் கட்டம் ஒரு கருத்து செயல்படக்கூடியதா என்று சோதிப்பதற்கானது. வழக்கமாக இரண்டாண்டு நீளும் இரண்டாம் கட்டம் அதைப் பயன்படுத்தத்தக்க பொருளாக வளர்ப்பதற்கானது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் அண்மைய அறிவிப்புகளில் முதல் கட்டத்துக்கு 3,05,000 டாலர் வரையும் இரண்டாம் கட்டத்துக்கு 12,50,000 டாலர் வரையும் கிடைத்தது. இவ்வளவு பணத்துக்கும் அரசு நிறுவனத்தில் ஒரு பங்குகூடக் கேட்பதில்லை.

முதல் கட்டம் தொடங்கிய வாரத்திலேயே செய்ய வேண்டியது, விண்ணப்பத்தில் அளித்த வாக்குறுதிகளை அளக்கக்கூடிய இலக்குகளாக எழுதிக்கொள்வது. நிலத்தடி நீரில் ஆர்சனிக்கைக் கண்டறியும் கையடக்கக் கருவி ஒன்றை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். குடிநீருக்கான அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதால், அந்த அளவைப் பத்து நிமிடத்துக்குள் காட்ட வேண்டும் என்பது ஓர் இலக்கு. ‘உணர்திறனை மேம்படுத்துதல்’ என்பது இலக்கே அல்ல. முடிவில் பத்து நிமிடத்துக்குப் பதிலாகப் பதினான்கு நிமிடம் ஆயிற்று என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் தாமதமாயிற்று, எந்தப் பாகத்தில் தடை, இரண்டாம் கட்டத்தின் எந்தப் பணி அதை நீக்கும் என்று மூன்று வரிகளில் எழுதிவிட்டால், அந்தக் குறையே அடுத்த நிதிக்கான காரணமாகிவிடும். எல்லா இலக்குகளும் எட்டப்பட்டன என்று மட்டும் சொல்லும் அறிக்கையைவிட இத்தகைய அறிக்கையே துறை அறிந்த மதிப்பீட்டாளரிடம் அதிக நம்பிக்கையைப் பெறும் என்பது என் கருத்து.

இரு கட்டங்களுக்கும் இடையே விழும் இடைவெளிக்கு உரிய பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் ஜனவரி 5, ஏப்ரல் 5, செப்டம்பர் 5 என ஆண்டுக்கு மூன்று நாள்களைத் தம் வழக்கமான கெடுவாக வைத்திருந்தன. ஒரு கெடு தவறினால் சில மாதங்கள் போய்விடும், விண்ணப்பித்த பிறகும் மதிப்பீட்டுக்கும் நிதி விடுவிப்புக்கும் பல மாதங்கள் பிடிக்கும். போதாக்குறைக்கு, இத்திட்டமே குறித்த காலத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு, அவ்வப்போது நீட்டிக்கப்படுவது. 2022இல் அளிக்கப்பட்ட நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30ஆம் நாள் காலாவதியானபோது புதிய நிதி வழங்கல்கள் நின்றுபோயின. ஆகவே, இந்த ஒரு வாய்க்காலை மட்டும் நம்பிச் சம்பளப் பட்டியலை நீட்டுவது விவேகமாகாது. கென்டக்கி போன்ற சில மாநிலங்கள் கூட்டரசு நிதிக்கு இணையாகத் தம் பங்கைத் தரும் திட்டங்களை நடத்துகின்றன என்பதால், நிறுவனம் பதிவாகியிருக்கும் மாநிலத்தில் அப்படி ஏதும் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

அடுத்து, பணம் தரும் துறையின் இயல்பை அறிய வேண்டும். நலவாழ்வு நிறுவனங்களும் அறிவியல் அறக்கட்டளையும் தருவது பெரும்பாலும் மானியம். உருவாகும் பொருளை அவை வாங்கப்போவதில்லை. பாதுகாப்புத் துறையோ ஒப்பந்தம் போடுகிறது. அங்கே இறுதி வாடிக்கையாளர் அத்துறைக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு படைப்பிரிவு. முன்னவற்றில் விண்ணப்பத்துக்கு முன்னரே திட்ட அலுவலரிடம் ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பிப் பேச நேரம் கேட்பது அனுமதிக்கப்பட்டது மட்டுமல்ல, எதிர்பார்க்கப்படுவதும்கூட. பின்னதில் தொழில்நுட்பத் தொடர்பு அலுவலர் மெச்சிவிட்டார் என்று நிறைவடைந்துவிடக் கூடாது. அவர் மெச்சலாம், வாங்குவதற்கான வரவுசெலவு ஒதுக்கீடு வேறொருவர் கையில் இருக்கும். அந்த வேறொருவர் யார் என்று முதல் கட்டத்திலேயே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

நல்ல ஆய்வாளர்கள் சறுக்கும் இடம் வணிகமயமாக்கல் திட்டம். உலகச் சந்தையின் மதிப்பு இத்தனை நூறு கோடி டாலர், அதில் ஒரு விழுக்காடு கிடைத்தாலே போதும் என்ற கணக்கை மதிப்பீட்டாளர்கள் ஏற்கெனவே பலமுறை படித்திருப்பார்கள். அதற்குப் பதிலாக, முதலில் வாங்கப்போகிறவர் யார், அவர் இன்று அந்த வேலையை எப்படி முடித்துக்கொள்கிறார், அதற்கு என்ன செலவிடுகிறார், மாற்றிக்கொள்ள அவருக்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பவற்றைக் கீழிருந்து மேலாகக் கட்டிக்காட்ட வேண்டும். ஆதரவுக் கடிதங்களிலும் இதே அளவுகோல்தான். ‘இது சிறந்த தொழில்நுட்பம்’ என்று பேராசிரியர் ஒருவர் எழுதும் கடிதத்தைவிட, ‘பத்து நிமிடத்துக்குள் முடிவு தந்தால் எங்கள் கிணறுகளில் ஆறு மாதம் சோதிக்க இடம் தருவோம்’ என்று ஒரு சிற்றூர்க் குடிநீர் வாரியம் எழுதும் நான்கு வரி மேலானது. இதற்கு உதவி தேவைப்பட்டால், ஆலோசகரை அமர்த்த முதல் கட்டத்தில் 6,500 டாலர் வரையும் இரண்டாம் கட்டத்தில் 50,000 டாலர் வரையும் தொழில்நுட்ப, வணிக உதவித்தொகையாகக் கேட்க விதி இடமளித்துவந்துள்ளது. பலர் அதைக் கேட்பதே இல்லை.

தகுதி விதிகளில் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு. நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட உரிமை பொதுவாக அமெரிக்கக் குடிமக்களிடமோ நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களிடமோ இருக்க வேண்டும். முதன்மை ஆய்வாளரின் முதன்மையான வேலை அந்தச் சிறு நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும். ஆகவே எச்-1பி விசாவில் வேறொரு நிறுவனத்தில் முழுநேரம் பணியாற்றுபவர் மாலை நேர முதன்மை ஆய்வாளராக இருக்க முடியாது. கிரீன் கார்டு வரும்வரை நண்பர் பெயரில் பங்குகளை எழுதிவைப்போம் என்ற யோசனையை உடனே கைவிட வேண்டும், ஏனெனில் அரசிடம் பொய்யான உறுதிமொழி அளிப்பது குற்றம். பணிப் பங்கீட்டிலும் விதி மாறுகிறது; முதல் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் இரண்டாம் கட்டத்தில் குறைந்தது பாதியையும் நிறுவனமே செய்ய வேண்டும். பாதுகாப்புத் துறையின் இரண்டாம் கட்ட ஒப்பந்தத்துக்குச் செலவுகளைத் திட்டவாரியாகப் பிரித்துக்காட்டும் கணக்கு முறையும் ஊழியர்கள் நாள்தோறும் நிரப்பும் நேரப் பதிவும் தேவைப்படலாம்; அவற்றை ஒப்பந்தம் வரும் வாரத்தில் ஏற்படுத்த முடியாது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மதிப்பீட்டுச் சுருக்கத்தை ஒரு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, பிறகு படிப்பது நல்லது. சினத்தோடு படிப்பவருக்கு மதிப்பீட்டாளர் புரிந்துகொள்ளவில்லை என்றே தோன்றும். அவர் புரிந்துகொள்ளாததற்குத் தெளிவற்ற எழுத்தே காரணமாக இருக்கும். நலவாழ்வு நிறுவனங்கள் திருத்திய விண்ணப்பத்தை ஏற்கின்றன, அதில் ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்யப்பட்டது என்று முன்னுரைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

இரண்டாம் கட்டத்தோடும் கதை முடிவதில்லை. வெளி முதலீட்டாளர் தரும் பணத்துக்கு இணையாகக் கூடுதல் நிதி தரும் ஏற்பாட்டைச் சில துறைகள் வைத்துள்ளன. ஆனால் பலரும் அறியாமல் விட்டுவிடும் பெரிய வாய்ப்பு மூன்றாம் கட்டம். அதற்கு எஸ்.பி.ஐ.ஆர். ஒதுக்கீட்டுப் பணம் கிடையாது, தொகைக்கு வரம்பும் கிடையாது. முந்தைய கட்ட ஆய்விலிருந்து பிறந்த எந்தப் பணிக்கும் எந்தக் கூட்டரசுத் துறையும் மீண்டும் போட்டி வைக்காமல் அந்த நிறுவனத்துக்கே நேரடியாக ஒப்பந்தம் தரலாம். ஆய்வில் உருவான தொழில்நுட்பத் தகவல்களை அரசு வெளியாரிடம் தராமல் காக்கும் தரவு உரிமைப் பாதுகாப்பும் 2019 முதல் 20 ஆண்டுகளாக ஆக்கப்பட்டுள்ளது. ஆனால் அரசிடம் ஒப்படைக்கும் ஒவ்வோர் ஆவணத்திலும் உரிய உரிமைக் குறிப்பைப் பொறிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பை நிலைநாட்டுவது கடினம். புதிய ஒப்பந்தம் வரும்போது அது மூன்றாம் கட்டம் என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, எந்த இரண்டாம் கட்ட ஒப்பந்த எண்ணிலிருந்து தொடர்கிறது என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதைக் கையெழுத்திடுமுன் பார்த்து, இல்லையென்றால் ஒப்பந்த அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.