எலியை வாங்கும் முன் எலும்பைத் தேர்ந்தெடுங்கள்

கோலாலம்பூர் செராஸில் உள்ள யூகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) மருத்துவ வளாகத்தில், செம்பனையிலிருந்து எடுக்கும் வைட்டமின் ஈ வகையான டோக்கோட்ரையினாலைச் சினைப்பை அகற்றிய எலிகளுக்குக் கொடுத்து எலும்பை ஆராய்ந்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் எலும்புத் தேய்வுக்கு இந்த எலிகள்தான் மாதிரி. அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "அக்கா, எத்தனை எலி வாங்கலாம்?" என்று கேட்டு வரும் மாஸ்டர்ஸ் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது: எந்த எலும்பை, எந்த நாளில் பார்க்கப் போகிறீர்கள்?

சினைப்பையை எடுத்ததும் எல்லா எலும்பும் ஒரே வேகத்தில் தேயாது. முழங்காலுக்குக் கீழே டிபியாவின் மேல்முனையில் 14 நாளிலேயே இழப்பு தெரியும். தொடை எலும்பின் கழுத்துக்கு 30 நாள், கீழ்முதுகு முள்ளெலும்புக்கு 60 நாள் ஆகும். நாலாவது வாரத்தில் முதுகெலும்பைப் பார்த்துவிட்டு "தேய்வே இல்லை" என்று எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

வயது அடுத்தது. 3 மாத எலி மலிவுதான், ஆனால் அது இன்னும் வளர்கிறது. வளர்ச்சியும் தேய்வும் கலந்துவிடும். 6 மாத எலியே என் தேர்வு. பணம் போதாவிட்டால் குழுக்களைக் குறையுங்கள், வயதைக் குறைக்காதீர்கள்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்தபின் அறுவை. ஒப்பீட்டுக் குழுவுக்கும் வயிற்றைத் திறந்து, சினைப்பையைத் தொடாமல் தைக்க வேண்டும். வலி மருந்து இரு குழுவுக்கும் ஒன்றே. கடைசி நாளில் கருப்பையை எடைபோடுங்கள். அது சுருங்கவில்லை என்றால் உள்ளே சினைப்பைத் துண்டு மிஞ்சியிருக்கலாம். அந்த எலியைக் கணக்கில் சேர்ப்பதா என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது தீனியில். சினைப்பை இழந்த எலி நிறையத் தின்னும், கொழுக்கும். கூடிய எடை எலும்பைக் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். ஒப்பீட்டு எலி நேற்றுத் தின்ற அளவையே இதற்கு இன்று கொடுங்கள். சோயா கலந்த தீனி வேண்டாம், அதில் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் பொருள்கள் உண்டு.

எலியின் கெட்டியான வெளி எலும்பு மனிதருடையதைப் போலப் புதுப்பித்துக்கொள்வதில்லை. எலும்புத் தேய்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ தந்த 1994 வழிகாட்டுதல் எலியோடு இன்னொரு பெரிய விலங்கையும் கேட்டது அதனால்தான். ஆய்வறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

புதிதாக உருவாகும் எலும்பில் பச்சைக் கோடு போடும் கால்சீன் சாய ஊசி இரண்டையும் முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள். தீபாவளியோ ஹரி ராயாவோ நடுவில் விழுந்தால் விலங்குக் கூடத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். அப்புறம், இடது தொடை எலும்பு, வலிமையை அளக்கும் வளைவுச் சோதனைக்கு: உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி உறைய வையுங்கள், ஃபார்மலினில் போடாதீர்கள். வலது பக்கம் மைக்ரோ சிடி என்ற நுண் எக்ஸ்ரே படத்துக்கும் நுண்ணோக்கிக்கும். அதை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்போடு கால்சீனின் பச்சைக் கோடுகளும் கரைந்துவிடும்.