ஒயர்டு லேன்ல லாகின் பாக்ஸ் வரலையா, மொதல்ல இந்த தப்பையெல்லாம் பண்ணாதீங்க

யாருன்னு செக் பண்ணிட்டு உள்ள விடுற 802.1எக்ஸ் முறை போட்ட ஆபீஸ் நெட்வொர்க்ல கேபிள சொருகுறீங்க, போர்ட்ல லைட் எரியுது, ஆனா யூசர்நேம் பாஸ்வேர்டு கேக்குற பாக்ஸ் மட்டும் வரவே மாட்டேங்குது, ஐபி பாத்தா 169.254ன்னு ஆரம்பிக்குது (நெட்வொர்க்ல அட்ரஸ் கிடைக்காதப்ப விண்டோஸ் தானா வச்சுக்கிறது), பக்கத்து சீட்டுக்காரருக்கோ அதே கேபிள்ல நல்லா ஓடுது. ஆபீஸ் நெட்வொர்க் பாத்துக்குற வேலை என்னோடது, இந்த ஒரு பிரச்சனைக்காக டிரைவர் மாத்தி கேபிள் மாத்தி கடைசியில லேப்டாப்பையே ஃபார்மேட் அடிச்சவங்கள பாத்திருக்கேன். ஃபார்மேட்டுக்கு அப்புறமும் பாக்ஸ் வராது, ஏன்னா புதுசா போட்ட விண்டோஸ்லயும் அதுக்கான சர்வீஸ் ஓடாமத்தான் கிடக்கும்.

இன்னும் சில பேர் பிரவுசர தொறந்து வச்சுக்கிட்டு லாகின் பேஜ் வரும்னு காத்திருப்பாங்க. ஹோட்டல் வைஃபைல வருதே அது வேற சமாச்சாரம், அங்க ஐபி கிடைச்ச பிறகுதான் பேஜ் வரும். 802.1எக்ஸ்ங்கிற இந்த முறையில ஐபி கிடைக்கிறதுக்கு முன்னாடியே செக்கிங் நடக்குது. கேபிளோட அந்தப் பக்கம் இருக்கிற நெட்வொர்க் பெட்டியான ஸ்விட்ச் உங்க லேப்டாப்ப பாத்து "யாரு நீ"ன்னு கேக்கும், லேப்டாப் சொல்ற பதில ஸ்விட்ச், ஆள சரிபாக்குற ரேடியஸ் சர்வருக்கு அனுப்பும், அது சரின்னா போர்ட் தொறக்கும். விண்டோஸ் கையில பதில் இல்லாதப்பதான் உங்ககிட்ட பாக்ஸ் காட்டி கேக்கும். அதனால பாக்ஸ் வரலைன்னா பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு, அந்த கேள்வியும் பதிலும் நடக்கவே இல்ல, இல்லன்னா உங்கள கேக்காமலே விண்டோஸ் ஏதோ ஒரு பதில சொல்லிடுச்சு. இது எந்த வகைன்னு தெரியாம எந்த செட்டிங்கையும் தொடாதீங்க.

மொதல்ல சர்வீஸ். சர்வீசஸ் லிஸ்ட்ல டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் ஓடுறத பாத்துட்டு எல்லாம் ஓகேன்னு மூடிடுவாங்க, அது வைஃபைக்கு. கேபிளுக்கு வயர்டு ஆட்டோகான்ஃபிக்னு தனியா ஒண்ணு இருக்கு, டீஃபால்ட்டா மேனுவல்ல இருக்கும். அது ஓடலைன்னா ஈதர்நெட் பிராப்பர்ட்டீஸ்ல ஆதன்டிகேஷன்ங்கிற டேபே தெரியாது, அந்த டேப் காணோம்னதும் டிரைவர் கோளாறுன்னு முடிவு பண்றதுதான் நான் அதிகமா பாக்குற தப்பு. சர்வீஸ ஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டார்ட்டப் டைப்ப ஆட்டோமேட்டிக்னு மாத்துங்க, மாத்தலைன்னா அடுத்த ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் பழைய கதைதான். பழைய குறிப்புல வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன ஆன் பண்ணுன்னு போட்டிருந்தா விட்டுடுங்க, அது 2008ல வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3க்கு முந்தைய காலத்துக்கு. இன்னொண்ணு, ஆதன்டிகேஷன் செட்டிங் ஒவ்வொரு அடாப்டருக்கும் தனித்தனி, லேப்டாப்போட சொந்த போர்ட்ல சரி பண்ணிட்டு டாக்கிங் ஸ்டேஷன் வழியா சொருகினா அது விண்டோஸுக்கு வேற அடாப்டர், அங்கயும் போட்டாகணும்.

இப்ப ரெண்டாவது வகை, நிறைய நேரத்த சாப்பிடுறது இதுதான். பாஸ்வேர்டு வச்சு லாகின் ஆகுற பீப் (PEAP) முறையில, அந்த பாஸ்வேர்ட சரிபாக்குற எம்எஸ்சாப் வி2க்கு (MSCHAPv2) பக்கத்துல இருக்கிற கான்ஃபிகர் பட்டன தட்டினா, விண்டோஸ் லாகின் பேரையும் பாஸ்வேர்டையும் தானா பயன்படுத்துன்னு ஒரு டிக் இருக்கும், டீஃபால்ட்டா ஆன். டொமைன்ல சேந்த, அதாவது ஆபீஸ் அக்கவுன்ட்லயே லாகின் ஆகுற மெஷினுக்கு அது சரி, ஆனா சொந்த லேப்டாப்ப கொண்டுவர்ற ஸ்டூடன்ட்டுக்கோ கான்ட்ராக்ட்ல வர்றவருக்கோ, வீட்ல வச்ச லோக்கல் அக்கவுன்ட் பேரு அப்படியே ரேடியஸ் சர்வருக்கு போகும், சர்வர் இப்படி ஒரு ஆளே இல்லன்னு ரிஜெக்ட் பண்ணும், ஸ்க்ரீன்ல எதுவும் தெரியாது. அந்த டிக்க எடுத்துட்டு கேபிள கழட்டி மாட்டினா பாக்ஸ் வந்துடும், நான் பாத்ததுல பாதிக்கு மேல இதுலயே முடிஞ்சிருக்கு. அதே மாதிரி அடிஷனல் செட்டிங்ஸ்ல ஆதன்டிகேஷன் மோட் கம்ப்யூட்டர் மட்டும்னு இருந்தா யூசர்கிட்ட கேக்கவே கேக்காது. சர்டிஃபிகேட்ல ஓடுற ஈஏபி டிஎல்எஸ் நெட்வொர்க்குன்னா பாஸ்வேர்டு பாக்ஸே கிடையாது, அங்க தேட வேண்டியது சர்டிஃபிகேட்ட. உங்க நெட்வொர்க் எந்த முறைன்னு மொதல்லயே கேட்டுக்கோங்க.

பழைய பாஸ்வேர்டு சேவ் ஆகியிருக்கிறதும் இப்படித்தான் சத்தமில்லாம தோத்துப்போகும். அதுல ஒரு தொல்லை, ஒரு தடவ ஃபெயில் ஆனா விண்டோஸ் அந்த போர்ட்ல கொஞ்ச நேரம் பதில் சொல்லாம இருந்துக்கும், டீஃபால்ட் 20 நிமிஷம். இது தெரியாம அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு செட்டிங்க மாத்தி மாத்தி டெஸ்ட் பண்ணினா சரியான செட்டிங்கயும் தப்புன்னு நினைச்சு தாண்டிப் போயிடுவீங்க. நெட்எஸ்ஹெச் லேன் (netsh lan) கமாண்ட்ல பிளாக்பீரியட்னு (blockperiod) ஒரு வேல்யூ இருக்கு, டெஸ்ட் பண்ற வரைக்கும் அத குறைச்சு வச்சுக்கலாம்.

விண்டோஸ் 11 22எச்2 எண்டர்பிரைஸ், எஜுகேஷன் போட்ட பிறகு நேத்து வரைக்கும் தானா கனெக்ட் ஆனது நின்னுபோச்சுன்னா லாகின் விவரங்கள திருட்டுல இருந்து காக்குற விண்டோஸ் வசதியான கிரெடென்ஷியல் கார்ட (Credential Guard) சந்தேகப்படுங்க, அது ஆன் ஆனா எம்எஸ்சாப் வி2ல தானா லாகின் ஆகுற வசதி போயிடும். அத ஆஃப் பண்றத விட சர்டிஃபிகேட் முறைக்கு மாறுறதுதான் நல்லது, மைக்ரோசாஃப்ட்டும் அதத்தான் சொல்லுது.

சர்வர் சர்டிஃபிகேட் விஷயத்துல ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன், பாக்ஸ் வரலைன்னு, சர்வர் நிஜமானதான்னு வேலிடேட் பண்ற டிக்க எடுத்து விடாதீங்க. எடுத்தா எவன் வேணா போலி சர்வர் வச்சு உங்க பாஸ்வேர்ட கறக்க வழி பண்ணலாம். சர்வர் சர்டிஃபிகேட்ட நம்புறதுக்கான ரூட் சர்டிஃபிகேட் இருக்கா, லேப்டாப்ல தேதி நேரம் சரியா இருக்கான்னு பாருங்க.

இனி கேள்வியே வந்து சேராத கேஸ். போர்ட் பத்தலைன்னு டேபிளுக்கு அடியில ஒரு சின்ன ஸ்விட்ச் வச்சிருப்பாங்க, 802.1எக்ஸ் பேக்கெட் போற மல்டிகாஸ்ட் அட்ரஸ் ஒரு ஸ்விட்ச்ச தாண்டி அடுத்த பக்கம் போகக்கூடாதுன்னே ஒதுக்கினது, அதனால நடுவுல இருக்கிற பெட்டி அத விழுங்கிடலாம். சுவத்து போர்ட்ல நேரா சொருகி பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஸ்விட்ச் பக்கமும் பாக்கணும், சிஸ்கோ கம்பெனி ஸ்விட்ச்ல போர்ட்ல மட்டும் கான்ஃபிக் போட்டுட்டு டாட்1எக்ஸ் (802.1எக்ஸோட சுருக்கம்) சிஸ்டம் ஆத் கன்ட்ரோல்ங்கிற குளோபல் கமாண்ட மறந்துட்டா எதுவும் வேலை செய்யாது. பதில் வரலைன்னா டீஃபால்ட்ல 30 செகண்டுக்கு ஒரு தடவ மூணு முறை கேட்டுப் பாத்து, 90 செகண்ட் கழிச்சுதான் மெஷினோட மேக் அட்ரஸ் வச்சு பாக்குற மேபுக்கோ (MAB), வெளியாளுக்குன்னு தனியா பிரிச்சு வச்ச நெட்வொர்க்கான கெஸ்ட் விலேனுக்கோ போகும், அதுக்குள்ள ஐபி வாங்கித் தர்ற டிஹெச்சிபி களைச்சுப்போய் 169.254 வந்து நிக்கும். சில நேரம் கெஸ்ட் விலேன்ல நெட் கிடைச்சிடும், யூசர் பாக்ஸ் வராமலே நெட் வருதேன்னு சந்தோஷமா இருப்பார், ஆபீஸ் சர்வர் மட்டும் தெரியாது.

இதையெல்லாம் ஊகிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம், ஈவென்ட் வியூவர்ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், வயர்டு ஆட்டோகான்ஃபிக், ஆப்பரேஷனல்னு போனா 15514ன்னா ஃபெயில், காரணமும் அதுலயே இருக்கும், 15505ன்னா லாகின் சரியா ஆயிடுச்சு, அப்ப கோளாறு டிஹெச்சிபிலயோ விலேன்லயோ. அந்த நேரத்துல எதுவுமே பதிவாகலைன்னா சர்வீஸையும் ஸ்விட்ச்சையும் பாருங்க. அட்மினுக்கு போன் போடுறப்ப இந்த நம்பரையும் நேரத்தையும் சொல்லுங்க, ரேடியஸ் லாக்ல உடனே தேடிடுவார்.

அட்மின்களுக்கு ஒண்ணு. முன்னாடி இருந்த ஒரு ஆபீஸ்ல அவசரம்னு ஒரு போர்ட்ல டாட்1எக்ஸ எடுத்து விட்டேன், திருப்பி போட மறந்துட்டேன், மாசக்கணக்கா மீட்டிங் ரூம்ல யார் சொருகினாலும் உள்ள போற மாதிரி தொறந்தே கிடந்துச்சு. இப்பல்லாம் அவசரம்னா அந்த ஒரு மெஷினோட மேக் அட்ரஸ மட்டும் மேப் லிஸ்ட்ல சேத்து, எடுக்க வேண்டிய தேதியையும் பக்கத்துலயே எழுதி வச்சுடறேன்.